சேவை எனும் திரை: மருத்துவத்துறைப் பெண்களின் உழைப்பும் அவர்கள் மீதான வன்முறையும்

மருத்துவத்துறையிற் பணிபுரியும் பெண்களைப் பற்றி நமது சமூகம் இரண்டு மொழிகளிற் பேசி வருவதனை அவதானிக்கலாம். வழமையான நாட்களில் அது போற்றுதலின் மொழியாக அமைகின்றது. தாதி தாயாகவும் தேவதையாகவும் விளக்கேந்திய பெண்மணியாகவும் வருணிக்கப்படுகின்றாள். அத்தகைய பெண்ணொருத்தி தான் தொழில் புரியும் இடத்திலேயே தாக்கப்படும்பொழுது அது பாதுகாப்பின் மொழியாக மாறுகின்றது. பெண்கள் இரவிலே கடமை புரிவது தக்கதா, தனித்து நடமாடுவது முறையா என்ற வினாக்கள் அப்பொழுது எழுப்பப்படுகின்றன. இவ்விரு மொழிகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன போலத் தோன்றினும், அவை ஒரே கருத்துநிலையின் இரு வெளிப்பாடுகளே என்பது நமது துணிபு. பெண்ணின் மருத்துவப் பணியை ஊதியமும் உரிமையும் ஒழுங்குவிதிகளும் வேண்டி நிற்கும் உழைப்பாகக் கொள்ளாது, அவளது இயல்பிலிருந்து ஊற்றெடுக்கும் சேவையாகக் கொள்வதே அக்கருத்துநிலையாகும்.

இதனை வெளிக்கொணர்வதற்கு இந்தியாவில் நிகழ்ந்த இரு கொடுமைகளை எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று 1973இற் பம்பாயிலும் மற்றையது 2024இற் கல்கத்தாவிலும் நிகழ்ந்தவை. அவற்றின் கொடூரத்தை மீளவும் விவரிப்பது நமது நோக்கமன்று. பத்திரிகைகள் அதனைப் போதிய அளவுக்கு மேலாகவே செய்துள்ளன. அந்நிகழ்ச்சிகளையொட்டிப் பிறந்த இரு ஆவணங்களை, அதாவது 2011ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்ப்பொன்றையும் 2024ஆம் ஆண்டின் அரசாங்கப் பணிப்புரையொன்றையும், இலக்கியப் பனுவலொன்றை வாசிப்பது போன்று வாசித்து, அவை எதைப் பேசுகின்றன, எதைப் பேசாது விடுகின்றன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு முன்னர், சேவை என்ற கருத்து மருத்துவத்துறையில் எவ்வாறு உருப்பெற்றது என்பதனைச் சுருக்கமாக நோக்குதல் அவசியமாகின்றது.

1. விளக்கும் அட்டவணையும்

நவீன தாதியத் தொழிலின் வரலாற்றைப் புளோரன்ஸ் நைற்றிங்கேலுடன் தொடங்குவது வழக்கம். கிரிமியப் போரிற் காயமுற்ற பிரித்தானியப் படையினரைப் பராமரிப்பதற்காக 1854இல் ஸ்கூற்றாரிக்குச் சென்ற அவரை, இரவிலே விளக்குடன் உலாவும் பெண்மணியாக அக்காலப் பத்திரிகைகள் சித்திரித்தன. அமெரிக்கக் கவிஞரான லோங்பெலோ 1857இல் வெளியிட்ட கவிதையொன்று அப்படிமத்தை மேலும் பரப்பிற்று. ஆனால் அதே நைற்றிங்கேல், படையினரின் இறப்புக்கான காரணங்களைப் புள்ளிவிவர அட்டவணைகளாகவும் வரைபடங்களாகவும் தொகுத்து, போர்க்காயங்களைக் காட்டிலும் தடுக்கக்கூடிய நோய்களே கூடிய உயிர்களைக் காவுகொண்டன என்று அரசுக்கு நிறுவிக் காட்டியவர். 1858இல் இலண்டன் புள்ளிவிவரவியற் சங்கத்திற்குத் தெரிவுசெய்யப்பட்டவர். அச்சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரும் அவரே. சமூகத்தின் நினைவிலே நின்றது விளக்கு, மறைந்தது அட்டவணை. அறிவினாலும் நிருவாகத் திறனாலும் ஒரு பெண் செய்த காரியம் அவளது இரக்கத்தினாற் செய்யப்பட்டதாக மாற்றியுரைக்கப்பட்டது.

நைற்றிங்கேலின் சிந்தனையிலேயே இம்முரண்பாட்டின் வித்து உண்டு. 1860இல் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையிலே தாதியர் பயிற்சிக் கல்லூரி அவர் பெயரால் ஆரம்பிக்கப்பட்டது. தாதியருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்ற கொள்கையின் செயல்வடிவம் அது. ஆயினும் அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த தாதியம் பற்றிய தமது நூலின் முன்னுரையில், ஒவ்வொரு பெண்ணும் ஏதோவொரு காலத்தில் ஒருவரது உடல்நலத்துக்குப் பொறுப்பாகின்றாள் என்றும், ஆகவே ஒவ்வொரு பெண்ணும் தாதியே என்றும் அவர் கருத்துரைத்தார். ஒவ்வொரு பெண்ணும் இயல்பாகவே தாதி எனின், தாதியின் திறன் கற்றுப் பெறப்பட்ட திறனாகாது, பெண்மையின் பகுதியாகிவிடும். இயல்பாகச் சுரப்பதற்கு விலை கேட்பது எங்ஙனம் என்ற வினாவும் அதனோடு பிறந்துவிடுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வைத்தியசாலை, அக்கால மத்தியதர வர்க்கக் குடும்பத்தின் அமைப்பைப் பெரிதும் தழுவி நின்றது எனலாம். வைத்தியர் தந்தையின் இடத்திலும், தாதி தாயின் இடத்திலும், நோயாளி குழந்தையின் இடத்திலும் வைக்கப்பட்டனர். வீட்டில் நிலவிய உழைப்புப் பிரிவினை வைத்தியசாலையிலும் மீளுருவாக்கம் பெற்றது. முடிவெடுத்தல் ஆணின் பணியாகவும், எடுத்த முடிவை இரவு பகலாக நிறைவேற்றுதல் பெண்ணின் பணியாகவும் வகுக்கப்பட்டன. இவ்வமைப்பு இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, உலகின் சுகாதார, சமூகப் பராமரிப்புத் துறை ஊழியரில் ஏறத்தாழ 70 வீதத்தினர் பெண்கள். ஆனால் அத்துறையின் தலைமைப் பதவிகளிற் பெண்கள் வகிப்பவை ஏறத்தாழ 25 வீதம் மட்டுமே. அந்நிறுவனமும் சர்வதேச தொழில் தாபனமும் இணைந்து 2022இல் வெளியிட்ட மற்றோர் அறிக்கை, இத்துறையிற் பெண்களின் வருவாய் ஆண்களுடையதிலும் சராசரியாக 24 வீதம் குறைந்திருப்பதாக மதிப்பிட்டது. பெண்கள் பெரும்பான்மையினராக இருப்பதனால் மாத்திரம் ஒரு துறை பெண்களின் துறையாகிவிடுவதில்லை என்பதற்கு இவ்விரு எண்களும் போதிய சான்றாகும்.

தெற்காசியாவில் இக்கருத்துநிலைக்கு மேலதிகமான ஒரு தேவையும் இருந்தது. இரத்தத்தையும் மலசலத்தையும் தொடும் வேலை, சாதியச் சிந்தனையிற் தீட்டுக்குரிய வேலையாகும். அந்நிய ஆடவரின் உடலைத் தொடுவதும், இரவிலே வீட்டுக்கு வெளியே தங்குவதும் குலப்பெண்ணுக்கு விலக்கப்பட்டவை. இவ்விரட்டைக் களங்கத்தைப் போக்குவதற்கு ஒரு புனிதப் போர்வை தேவைப்பட்டது. கிறித்தவ மிஷன்களின் தொண்டு அப்போர்வையை வழங்கிற்று. கன்னியர் மடங்களுக்குரிய 'சிஸ்டர்' என்ற விளி இந்திய வைத்தியசாலைகளில் இன்றும் வழங்குகின்றது. நமது நாட்டிலே 'மிஸி' என்கின்றோம். வைத்தியரை அவரது தொழிற்பெயரால் விளிக்கும் நாம், தாதியை அங்ஙனம் விளிப்பதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆனால் புனிதம் என்பது நிபந்தனையுடன் தரப்படுவது. வணங்கப்படும் பெண் தனது பீடத்திலிருந்து இறங்கிச் சம்பளமோ ஓய்வோ நீதியோ கேட்கும் கணத்திற் போர்வை விலகுகின்றது. அதன் கீழே மறைந்திருந்த களங்கம் அவள் மீது மீண்டும் சுமத்தப்படுகின்றது.

இதற்கு அண்மைக்கால உதாரணமொன்றும் உண்டு. இந்தியாவின் தேசிய கிராமிய சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2005ஆம் ஆண்டு முதல் 'ஆஷா' எனப்படும் கிராமியப் பெண் ஊழியர் நியமிக்கப்பட்டு வருகின்றனர். இன்று அவர்கள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேராவர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்தல், தடுப்பூசிக்கு அழைத்து வருதல், தொற்றுநோய்க் காலத்தில் வீடு வீடாகச் செல்லுதல் என அரசின் சுகாதாரத் திட்டத்தின் பாரம் அவர்கள் தோள்களிலேயே தங்கியுள்ளது. ஆயினும் அரசின் ஏடுகளில் அவர்கள் ஊழியர் அல்லர், தொண்டர். அவர்கள் பெறுவது சம்பளம் அன்று, ஊக்கத்தொகையும் மதிப்பூதியமுமே. 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு உலகளாவிய விருதொன்றை வழங்கிக் கௌரவித்தது. 2025 பெப்ரவரி 10ஆம் திகதி கேரள ஆஷா ஊழியர் திருவனந்தபுரத்திலே தலைமைச் செயலகத்தின் முன்னர் மாதக்கணக்கில் நீடித்த போராட்டத்தைத் தொடங்கினர். மதிப்பூதியத்தை உயர்த்துவதும் ஓய்வுகாலக் கொடுப்பனவும் அவர்களது கோரிக்கைகளாயின. விருது கிடைத்த இடத்தில் வேதனம் கிடைக்கவில்லை. சேவை என்ற சொல் எவருக்கு இலாபமீட்டித் தருகின்றது என்பது இதனாற் புலனாகும்.

2. கல்கத்தா, 1891

தாதியின் நிலை இதுவாயின், வைத்தியராக உயர்ந்த பெண்ணின் நிலை வேறாக இருந்திருக்குமெனக் கருதலாம். வரலாறு அவ்வாறு காட்டவில்லை. தெற்காசியாவில் மேனாட்டு மருத்துவம் பயின்ற முதற் பெண்களுள் ஒருவரான காதம்பினி கங்கூலி, 1886இற் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலே தமது பயிற்சியை முடித்து வைத்தியத் தொழிலில் இறங்கினார். 1891இல் 'பங்கபாசி' என்ற வங்காளச் சஞ்சிகை அவரது ஒழுக்கத்தை இழிவுபடுத்தி எழுதியது. தொழில் நிமித்தம் வெளியே சென்று வரும் மணமான பெண், அப்பத்திரிகையின் பார்வையில் வேசிக்கு நிகரானவளாக இருந்தாள். காதம்பினி நீதிமன்றம் சென்றார். அச்சஞ்சிகையின் ஆசிரியருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்வெற்றி சாதாரணமானதன்று. ஆயினும் நமது பொருளுக்கு நெருக்கமான மற்றொரு சான்று இதே காதம்பினியைப் பற்றி நைற்றிங்கேல் 1888இல் எழுதிய கடிதமொன்றில் உள்ளது. மாணவியாக இருந்த காலத்திலே பிள்ளைப்பேற்றுக்காகக் காதம்பினி பதின்மூன்று நாட்கள் மட்டுமே விடுப்பெடுத்தார் என்றும், ஒரு விரிவுரையையேனும் தவறவிட்டதாகத் தெரியவில்லை என்றும் நைற்றிங்கேல் வியந்து எழுதியுள்ளார். வியப்பு நேர்மையானதே, பாராட்டும் உளமார்ந்ததே. ஆனால் மகப்பேற்று விடுமுறை என்ற உரிமை இல்லாதிருந்த நிலை, ஒரு பெண்ணின் அசாதாரண ஆற்றலுக்குச் சான்றாக மாற்றப்படுவதனை இங்கு காண்கின்றோம். சஞ்சிகை ஆசிரியர் காதம்பினியை இகழ்ந்தார், நைற்றிங்கேல் புகழ்ந்தார். இகழ்ச்சியை நீதிமன்றம் தண்டித்தது. புகழ்ச்சியின் உள்ளே மறைந்திருந்த அநீதி எவர் கண்ணிலும் படவில்லை.

3. பம்பாய், 1973: நினைவிலே நின்ற தியாகமும் மறக்கப்பட்ட வேலைநிறுத்தமும்

பம்பாயின் கே. ஈ. எம். வைத்தியசாலையிற் பணிபுரிந்த இளந்தாதி அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27ஆம் திகதி மாலை அங்குள்ள துப்புரவுத் தொழிலாளி ஒருவனால் தாக்கப்பட்டார். கடமை முடிந்து நிலக்கீழ் அறையொன்றில் உடை மாற்றச் சென்ற வேளையிலே நாய்ச் சங்கிலியினாற் கழுத்து இறுக்கப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு உள்ளானார். மறுநாட் காலையிலேயே அவர் கண்டெடுக்கப்பட்டார். மூளைக்கு ஒட்சிசன் செல்வது தடைப்பட்டமையால் உணர்விழந்த நிலையில், அதே வைத்தியசாலையில் 2015 மே 18ஆம் திகதி இறக்கும் வரை, 42 ஆண்டுகள் படுக்கையிற் கிடந்தார்.

தாக்கியவன் கொள்ளைக்கும் கொலை முயற்சிக்குமாக ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். பாலியற் குற்றம் வழக்கிலே இடம்பெறவில்லை. அது வெளிப்பட்டால் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணின் பெயர் கெடும் என்ற எண்ணமே அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. நிகழ்ந்த வன்முறையின் வடிவம் அன்றைய சட்டத்தின் வல்லுறவு வரைவிலக்கணத்துக்குள் அடங்குவதாகவும் இருக்கவில்லை. அவ்வரைவிலக்கணம் 2013ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே விரிவாக்கப்பட்டது. புனிதத்தைக் காப்பது என்ற பெயரில் நீதி கைவிடப்பட்டமை இங்கு நன்கு புலனாகின்றது.

பத்திரிகையாளர் பிங்கி விரானி அருணாவைப் பற்றி 1998இல் நூலொன்று எழுதினார். பின்னர், அருணாவுக்கு உணவூட்டுவதை நிறுத்தி அமைதியாக இறக்க அனுமதிக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றத்திற் கோரினார். வைத்தியசாலை ஊழியர் அதனை எதிர்த்தனர். நீதியரசர்கள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா ஆகியோர் 2011 மார்ச் 7ஆம் திகதி வழங்கிய தீர்ப்பு அக்கோரிக்கையை மறுத்தது. எனினும் சில நிபந்தனைகளின் கீழ் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதற்கு இந்தியச் சட்டத்தில் முதன்முறையாக இடமளித்தது. மருத்துவ அறவியலில் அத்தீர்ப்பின் முக்கியத்துவம் தனியாக ஆராயப்பட வேண்டியது. அது தாதியரின் உழைப்பை எவ்வாறு வருணிக்கின்றது என்பதே நமது வினா.

அத்தீர்ப்பு வைத்தியசாலைத் தாதியரை உயர்வாகப் போற்றுகின்றது. இத்தனை ஆண்டுகளில் அருணாவின் உடலிற் படுக்கைப் புண் ஒன்றேனும் ஏற்படவில்லை என்பதை எடுத்துக்காட்டி, அர்ப்பணிப்புக்கும் தியாகத்துக்கும் நாட்டுக்கே அவர்கள் முன்மாதிரி என்கின்றது. இப்போற்றுதல் தகுதியற்றோர்க்கு வழங்கப்பட்டதன்று. ஆனால் அது பேசாது விட்டவையும் உள. கடமை முடித்த தாதியொருத்தி உடை மாற்றுவதற்கு ஆளரவமற்ற நிலக்கீழ் அறைக்குச் செல்ல நேர்ந்தது ஏன்? அவர் திரும்பி வராததை மறுநாட் காலை வரை எவரும் அறியாதிருந்தது எங்ஙனம்? நிருவாகத்தின் பொறுப்பு எதுவரை? நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட வினா வேறு என்பது உண்மையே. ஆனால் இவ்வினாக்கள் எந்த மன்றத்தின் முன்னரும் முழுமையாக வைக்கப்படவில்லை என்பதிலேயே விடயத்தின் சாரம் தங்கியுள்ளது. ஒரு தொழிலாளியின் பாதுகாப்புப் பற்றிய வழக்காக இருக்க வேண்டியது, ஒரு நோயாளியின் இறப்புரிமை பற்றிய வழக்காக வரலாற்றிற் பதிந்துவிட்டது.

மறக்கப்பட்ட மற்றொரு செய்தியும் உண்டு. தாக்குதலை அடுத்துப் பம்பாய்த் தாதியர் வேலைநிறுத்தம் செய்தனர். அருணாவுக்கு முறையான பராமரிப்பு வேண்டும் என்பதோடு தமக்குச் சிறந்த வேலை நிலைமைகள் வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கையாக இருந்தது. 1980களில் மாநகராட்சி நிருவாகம் அருணாவை வேறிடத்துக்கு மாற்றி அக்கட்டிலை விடுவிக்க இருமுறை முனைந்தபொழுதும், எதிர்ப்புத் தெரிவித்து அதனைத் தடுத்தவர்கள் அங்குள்ள தாதியரே. தம்முள் ஒருத்திக்கு இழைக்கப்பட்ட அநீதியை நிருவாகம் கண்மறைவாக அகற்றிவிட அவர்கள் இடமளிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் தொடர்ந்த பராமரிப்பைத் தாயன்பு என்று மாத்திரம் வருணிப்பது அதனைக் குறைத்து மதிப்பிடுவதாகும். தொழிலாளர் ஒருமைப்பாட்டின் அபூர்வமான வடிவமொன்றை, அநீதிக்கெதிரான நீண்ட சாட்சியமொன்றை, நாம் அதிற் காண்கின்றோம். போற்றுதலின் மொழி அதன் அன்பை ஏற்றுக்கொண்டு எதிர்ப்பை நீக்கிவிட்டது. தியாகம் நினைவிலே நின்றது, வேலைநிறுத்தம் மறக்கப்பட்டது.

தாக்கியவன் சமூகத்தின் அடிநிலையில் இருந்த தொழிலாளி என்பதும் கவனத்துக்குரியது. வன்முறை கீழிருந்தே வருகின்றது என்ற எளிய முடிவுக்கு இது பலரை இட்டுச் சென்றுள்ளது. வைத்தியசாலை கடுமையான படிநிலை கொண்ட நிறுவனமாகும். மேலுள்ளோர் இழைப்பவை பெரும்பாலும் குருதி சிந்தாதவை: நோயாளர் முன்னிலையில் ஏசுதல், பாலியற் சாடையான பேச்சு, இணங்காதவளுக்கு இடமாற்றம், கர்ப்பிணிக்கு இரவுக் கடமை, பதவி உயர்வு மறுப்பு. இவை செய்தியாவதில்லை. குற்றவாளியின் வர்க்கத்தை மாத்திரம் பார்த்து நிறுவனத்தின் அமைப்பைப் பாராது விடுவது, நிறுவனத்துக்கே வசதியான பார்வையாகும்.

4. கல்கத்தா, 2024: பாதுகாப்பின் மொழி

பம்பாய் நிகழ்ச்சிக்கும் கல்கத்தா நிகழ்ச்சிக்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டிற் சட்டம் பெரிதும் மாறியிருந்தது. ராஜஸ்தானிற் குழந்தை மணத்தை எதிர்த்தமைக்காகக் கிராமியப் பெண் ஊழியரொருவர் 1992இல் கூட்டு வல்லுறவுக்கு உள்ளானதை அடுத்து, மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் 'விசாகா' நெறிமுறைகளை வகுத்தது. அவற்றின் வழி 2013இல் வேலைத்தலப் பாலியற் தொல்லைகளைத் தடுக்கும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் யாவும் பெண்ணொருவரின் தலைமையில் உள்ளகக் குழுவொன்றை அமைத்தல் வேண்டும் என அது விதித்தது. அருணாவுக்கு இல்லாதிருந்த சட்டக் கருவிகள் 2024இல் இருந்தன.

ஆயினும் 2024 ஆகஸ்ட் 9ஆம் திகதி, கல்கத்தாவின் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையிலே, பட்டமேற்படிப்புப் பயிற்சி வைத்தியர் ஒருவர் வல்லுறவுக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட நிலையிற் கண்டெடுக்கப்பட்டார். அவரது பெயரை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கின்றது. நாமும் அதனை மதிக்கின்றோம். நீண்ட நேரக் கடமையின் இடையே இளைப்பாறுவதற்கு அவர் சென்ற இடம் ஒரு கருத்தரங்க மண்டபம். பொலிஸாருக்கு உதவியாகப் பணிபுரிந்த தொண்டனொருவன் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2025 ஜனவரி 20ஆம் திகதி ஆயுட்தண்டனை பெற்றான். ஆகஸ்ட் 14ஆம் திகதி நள்ளிரவில், இரவை மீட்போம் என்ற அறைகூவலுடன் வங்காளமெங்கும் பெண்கள் பெருந்திரளாக வீதிக்கு வந்தனர்.

அதற்கு மூன்று நாட்களின் பின் மேற்கு வங்க அரசு பெண் ஊழியரின் பாதுகாப்புக்கென ஒரு பணிப்புரையை வெளியிட்டது. 'இரவின் துணைவர்' என்ற பொருள்படும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. பெண்களுக்குத் தனி ஓய்வறை, கழிப்பறை, கண்காணிப்புக் கமெராக்கள், இரவிற் பெண் காவலர் முதலிய நல்ல ஏற்பாடுகள் அதில் இருந்தன. அவற்றோடு, இயன்றவரை பெண்களுக்கு இரவுக் கடமையைத் தவிர்த்தல் வேண்டும் என்றும், பெண் வைத்தியரின் கடமை நேரம் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது என்றும் அது கூறியது. செப்டெம்பர் 17ஆம் திகதி உச்ச நீதிமன்றம் இதனைக் கண்டித்து, பாதுகாப்பு அளிப்பதே அரசின் கடமை, பெண்கள் இரவிற் பணிபுரியலாகாது எனச் சொல்வது தீர்வாகாது என்ற கருத்தை வெளியிட்டது. அரசும் அவ்விதிகளை நீக்க இணங்கியது.

இப்பணிப்புரை தீய நோக்குடன் எழுதப்பட்டது என்று நாம் கருதவில்லை. அதன் நல்லெண்ணமே அதனை ஆராயத்தக்க பனுவலாக்குகின்றது. இரவில் ஆபத்து உண்டு. எனவே இரவிலிருந்து பெண்ணை நீக்குக என்பதே அதன் தருக்கம். ஆபத்தை நீக்குக என்று அது முதலில் எண்ணவில்லை. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட கடமை தீங்கானதாயின் அது ஆணுக்கும் தீங்கானதே, நோயாளிக்கும் தீங்கானதே. அதனைப் பெண்ணுக்கு மாத்திரமான சலுகையாக்கும்போது, அவள் முழுமையற்ற ஊழியர் என்ற எண்ணம் உறுதிப்படுகின்றது. அடுத்த நியமனத்தில், அடுத்த பதவி உயர்வில் அச்சலுகையே அவளுக்கு எதிரான வாதமாகின்றது. நோய் இரவு பகல் பார்ப்பதில்லை. இரவுக் கடமை இல்லாத வைத்தியர் அரைவாசி வைத்தியரே எனக் கொள்ளப்படுவார். காதம்பினியின் காலத்திலே வெளியே செல்லும் பெண்ணின் ஒழுக்கம் ஐயுறப்பட்டது. நமது காலத்திலே அவளது பாதுகாப்புக் கவலைக்குரியதாகின்றது. இரண்டினதும் முடிவு ஒன்றே: அவள் வீட்டுக்குத் திரும்புதல் வேண்டும்.

இதற்கு மாறாக, போராடிய இளம் வைத்தியரின் கோரிக்கைகளை நோக்குவோம். ஓய்வறைகள், கழிப்பறைகள், கண்காணிப்பு, வைத்தியர், தாதியர் வெற்றிடங்களை நிரப்புதல், நோயாளருக்குக் கட்டில் ஒதுக்குவதில் ஒழுங்கு என்பன அவற்றில் அடங்கின. கட்டில் கிடைக்காத நோயாளியின் உறவினரது ஆத்திரம், முன்னே நிற்கும் பெண் ஊழியர் மீதே முதலிற் பாய்கின்றது என்பதை அனுபவத்தால் அறிந்தவர்களின் கோரிக்கைகள் அவை. பணிப்புரை பெண்ணின் உடலைப் பார்த்தது; போராட்டக்காரர் உழைப்பின் நிலைமைகளைப் பார்த்தனர்.

5. சேவை நிற்கும் இடம்

நமது நாட்டு நிகழ்ச்சியொன்றையும் இவற்றோடு சேர்த்து நோக்குதல் பொருத்தமானது. 2025 மார்ச் 10ஆம் திகதி இரவு, அநுராதபுரம் போதனா வைத்தியசாலையின் பெண் வைத்தியரொருவர், கடமை முடிந்து தமது உத்தியோகபூர்வ விடுதிக்குச் சென்ற வேளையிற் கத்திமுனையில் வன்முறைக்கு உள்ளானார். வைத்தியர்கள் நாடளாவிய வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். நமது தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டு, பாலியற் தொல்லை தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்த நிலையில் நிகழ்ந்தது இது. தண்டனைச் சட்டம் குற்றம் நிகழ்ந்த பின்னரே விழித்தெழுகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகின்றது. பம்பாயில் அது உடை மாற்றும் இடம். கல்கத்தாவில் இளைப்பாறும் இடம். அநுராதபுரத்தில் தங்கும் விடுதி. மூன்றும் நோயாளியின் கட்டிலருகே நிகழ்ந்தவை அல்ல. பணிபுரியும் பெண் தனது பணியைச் சற்றே நிறுத்தி, தனக்கென உடலும் களைப்பும் உள்ள மனிதப் பிறவியாக இருக்கும் இடங்களிலே நிகழ்ந்தவை. இது தற்செயலானதன்று. சேவை செய்பவளுக்குக் களைப்பு இல்லை என்பது சேவைக் கருத்துநிலையின் அடிப்படை எடுகோள். விளக்கேந்திய பெண்மணி எங்கே உறங்கினாள் என்று எவரும் கேட்பதில்லை. தேவதைக்கு உடை மாற்றும் அறை வேண்டியதில்லை. தாய்க்குக் கடமை நேரம் இல்லை. ஆகவே வைத்தியசாலையைத் திட்டமிடுவோரின் வரைபடத்திற் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் பணிப்பாளர் அறைக்கும் இடமுண்டு. இரவுக் கடமைப் பெண்ணின் ஓய்வறை கடைசியாக நினைவுக்கு வருகின்றது, அல்லது வருவதேயில்லை. வன்முறையாளன் புகுவது அவ்வாறு மறக்கப்பட்ட இடத்தின் வழியாகவே.

சர்வதேச தொழில் தாபனம் 2019 ஜூன் மாதத்தில் ஏற்றுக்கொண்ட 190ஆம் இலக்கச் சமவாயத்தின் சிறப்பை இங்கு குறிப்பிடுதல் தகும். தொழிலுலகிலே நிகழும் வன்முறையையும் தொல்லையையும் பற்றிய அச்சமவாயம், வேலைத்தலம் என்பதன் பொருளை விரிவாக்கியது. ஊழியர் ஓய்வெடுக்கும் இடம், உணவருந்தும் இடம், கழிப்பறை, உடை மாற்றும் அறை, தொழில்தருநர் வழங்கும் தங்குமிடம், வேலைக்குச் சென்று திரும்பும் வழி ஆகிய யாவற்றையும் அது தன்னுள் அடக்கியது. நாம் மேலே கண்ட மூன்று இடங்களும் அப்பட்டியலில் உள்ளன. ஓய்வும் உழைப்பின் பகுதியே என்று ஒரு சர்வதேசச் சட்டம் எழுத்திற் கூறியமை, சேவைக் கருத்துநிலைக்கு எதிரான முக்கியமான அடியாகும். அதனை உள்நாட்டுச் சட்டங்களின் உயிர்ப்பான பகுதியாக்குவது தொழிற்சங்கங்களினதும் மகளிர் அமைப்புகளினதும் பொறுப்பாகும்.

தொழிற்சங்கங்கள் இவ்விடயத்தில் தம்மைத் தாமே விமர்சித்துக்கொள்ள வேண்டியனவாக உள்ளன. வைத்தியர், தாதியர், மருத்துவிச்சியர், சிற்றூழியர் எனப் பிரிந்து நிற்கும் சங்கங்கள் வைத்தியசாலையின் படிநிலையையே தமது அமைப்பிலும் பிரதிபலிக்கின்றன. வைத்தியருக்கு நிகழும் அநீதி நாட்டை உலுக்குகின்றது, உலுக்கவும் வேண்டும். ஒப்பந்த அடிப்படையிற் தரை கழுவும் பெண், தனது மேற்பார்வையாளனின் தொல்லையைச் சொல்வதற்குச் சங்கமும் இல்லை, நிரந்தர நியமனமும் இல்லை. முறைப்பாடு செய்தவள் அடுத்த மாதமும் வேலையில் இருப்பாள் என்ற உறுதி இல்லாத இடத்தில், முறைப்பாட்டுக் குழு சுவரில் தொங்கும் அறிவித்தலாகவே இருக்கும். பெண்களின் சமத்துவம் படிநிலையின் உச்சியிலுள்ள பெண்களோடு நின்றுவிடுமாயின் அது சமத்துவமாகாது.

எனவே மருத்துவத்துறைப் பெண்களுக்கு இன்று தேவைப்படுவது மேலும் ஒரு புகழுரையோ மேலும் ஒரு காவலரணோ மாத்திரம் அன்று. வரையறுக்கப்பட்ட கடமை நேரம், இரு பாலாருக்கும் பொதுவான ஓய்வுரிமை, கட்டட வரைபடத்திலேயே இடம்பெறும் ஓய்வறையும் உடைமாற்றும் அறையும், மேலதிகாரியின் கைக்கு எட்டாத முறைப்பாட்டு முறைமை, முறைப்பாடு செய்தவருக்கு வேலைப் பாதுகாப்பு, தொண்டர் எனப் பெயர் சூட்டப்பட்டோருக்கு ஊழியர் என்ற சட்ட அந்தஸ்து ஆகியனவே தேவை. இவை யாவும் சாதாரணமான, கவிதையற்ற கோரிக்கைகள். அவற்றின் பெறுமதியும் அதிலேயே தங்கியுள்ளது. உழைப்பவளை உழைப்பவளாகவே காணும் பார்வையிலிருந்து பிறந்தவை அவை.

சேவை என்ற சொல்லை மருத்துவத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. நோயுற்ற மனிதனுக்கு மற்றொரு மனிதன் ஆற்றும் பணியில் ஊதியத்தால் அளக்கவியலாத ஒரு பகுதி என்றும் உண்டு. பம்பாய்த் தாதியர் 42 ஆண்டுகளாகச் செய்து காட்டியது அதுவே. ஆனால் அதே தாதியர் வேலைநிறுத்தமும் செய்தனர். அவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளும் சமூகமே அவர்களை உண்மையில் மதிக்கும் சமூகமாகும்.